இடது மூலை உருண்டை

1.

இதை நான் கதை எழுத உட்கார்ந்து எழுதவில்லை. சமையல் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அது பாதியில் என் கையை உதறிவிட்டு எதிர்க்கடைக்குள் ஓடிவிட்டது. பழி முழுக்கப் பல் டாக்டர் மேல்.

எங்கள் தெருவுக்கு ஒரு பத்திரிகை உண்டு. பத்திரிகை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருமுனை அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டும் நாலைந்து தாள். அதற்கு ஆசிரியர் பல் டாக்டர். கோட்டுக்குப் பொத்தான் வைக்க என் தையற்கடைக்கு வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"அக்கா, அடுத்த இதழ்ல ஒரு பக்கம் நீங்க எழுதணும். காய்கறி, பயறுன்னு உடம்புக்கு நல்லதா ஏதாவது சமையல் குறிப்பு. கூடவே தினமும் செய்யுற மாதிரி சின்னச் சின்னப் பழக்கம்."

"நான் துணி தைக்கிறவ டாக்டர். எனக்கென்ன தெரியும்?"

"இந்தத் தெருவுல எந்த அடுப்புல என்ன வேகுதுன்னு உங்களுக்குத் தெரியாமலா?"

பாராட்டா குத்தலா என்று பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பொத்தானைக் கொஞ்சம் இறுக்கியே தைத்துக் கொடுத்தேன்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "உடல்நலம் என்பது ஒவ்வொரு மனிதனும் கட்டாயம்—"

(நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே இதுவரை முழுதாகப் படித்ததில்லை.)

இரண்டாவது: "காளான் கால் கிலோ, வேகவைத்த பயறு ஒரு—"

(இதுவும் தேறாது. அந்தக் காளானை வாங்கிய ஆள் யார் என்று சொல்லாமல் காளானைப் பற்றி எழுத என்னால் முடியாது. என் சுபாவம் அப்படி.)

மூன்றாவது: "எதிர்க்கடை கறிக்கடைக்காரர் தன் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார்."

இது நிற்கும். உட்காருங்கள், சொல்கிறேன்.

2.

எதிர்க்கடை கறிக்கடைக்காரர் தன் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதே பேண்ட் திரும்பி வந்தது. மறுபடி பிடித்தேன். அதன் பிறகும் வந்தது. இந்த முறை பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நலம் விசாரிக்கும் தூரத்தில் இருந்தன.

"என்ன தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"துணி லூசாயிடுச்சு அக்கா. துவைக்கத் துவைக்க அப்படித்தான் ஆகுது."

நான் தையல்காரி. துவைத்தால் துணி சுருங்கும். விரியும் என்று என்னிடமே சொல்கிறார்! ஒரு மனிதன் என்னிடம் இவ்வளவு மட்டமாகப் பொய் சொன்னால் அதன் பின்னால் ஏதோ உயர்தரமான விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து மிஷினைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சத்துக்காக என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் கடை திறக்குமுன் கறிக்கடைக்காரர் கைப்பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். எங்கள் தெருவிலேயே நல்ல காய்கறிக் கடை இருக்க, அதைத் தாண்டி, அடுத்த தெருவுக்குப் போவார். திரும்பும்போது பை நிறைந்திருக்கும். அதற்கு மேல் செய்தித்தாளை விரித்து மூடியிருப்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு கூத்து: கறி கொண்டுபோகும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருவைச் சுற்றுவார். பெட்டி காலி. காலிப் பெட்டி நடக்கையில் எப்படி ஆடும் என்பது எனக்குத் தெரியாதா?

(இந்த இடத்தில் "அவருக்கு ஒரு ரகசியக் காதல் இருக்கலாம்" என்று எழுதி அடித்திருக்கிறேன். காதலிக்கு யாரும் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு போவதில்லை. செய்தித்தாளுக்கு வெளியே அது எட்டிப் பார்த்தது.)

3.

உண்மை அவர் மனைவி வாயிலிருந்து வந்தது. கடைக்கு மேலங்கி தைக்க அளவு கொடுக்க வந்தாள். அளவு எடுக்கும்போது யாரும் என்னிடமிருந்து தப்ப முடியாது. டேப் கழுத்தைச் சுற்றி என் கையில் இருக்கும்.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது அக்கா."

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தாலும் சொன்னாள். அடக்கி வைத்துச் சுமக்க முடியாத பாரம் அது.

ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருந்ததைப் பார்த்த டாக்டர் (இவர் பல் டாக்டர் இல்லை, நிஜ டாக்டர்; பல் டாக்டர் இந்த வரியை வெட்டிவிடுவார் பாருங்கள்) முதலில், "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டாராம். "கறிக்கடை" என்றதும் சிரித்துவிட்டாராம். பிறகு சிரிக்காமல் சொல்லியிருக்கிறார்: கொஞ்ச காலத்துக்குக் கறி வேண்டாம். காய், பயறு, பழம். சாப்பிட்டபின் நடை. மெதுவாக மென்று தின்பது.

"அதுல என்னம்மா வெட்கம்? நாலு பேருக்கு வர்றதுதானே?"

"நாலு பேர் கறிக்கடை வச்சிருக்காங்களா அக்கா? போர்டைப் பாருங்க."

எதிரே பார்த்தேன். தினம் பார்ப்பதுதான். கறிக்கடைக்காரரின் அப்பா காலத்துப் பலகை. கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் கீழே: "நான் தின்னாததை உங்களுக்குத் தரமாட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்.* சனிக்கிழமை காலையில் அந்தக் கடையில் சூடாகக் கறி உருண்டை போடுவார்கள். தெருவே வரிசையில் நிற்கும். தட்டு வந்ததும் கடைக்காரர் முதல் உருண்டையை எடுத்து, எல்லோரும் பார்க்க, கடித்து, மென்று, விழுங்குவார். அதன்பிறகுதான் விற்பனை. அப்பாவும் அப்படித்தான் செய்தார். அந்த முதல் கடிக்குத்தான் வரிசையே.

* விளக்கம் என்று சொன்னாலும் அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. நட்சத்திரம் அழகாக இருந்தது, போட்டேன்.

"அப்போ சனிக்கிழமை கடிக்கிறாரே, அது?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"தட்டுல இடது மூலை. அது மட்டும் கறி இல்ல அக்கா."

4.

பல் டாக்டர் கேட்ட குறிப்பு இதோ. அவள் சொன்னபடியே.

"காளானைப் பொடிசா நறுக்கி, எண்ணெய் விடாம சட்டியில போட்டு வதக்குங்க. தண்ணி விடும். பயந்துடாதீங்க, அந்தத் தண்ணி முழுக்க வத்துற வரைக்கும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா உருண்டை உடையும். அப்புறம் கொஞ்சம் எண்ணெய், வெங்காயம், பூண்டு, மிளகு. வேகவச்ச பயறைக் கையால மசிச்சுக்கணும், மிக்சியில போட்டா கூழாயிடும். நிறத்துக்குப் பீட்ரூட் துருவி, பிழிஞ்சு சேருங்க. பிடிப்புக்கு ஓட்ஸைப் பொடிச்சுப் போடுங்க. உருட்டி, கொஞ்ச நேரம் குளிர வச்சு, கம்மியா எண்ணெய் விட்டுப் பொரட்டி எடுங்க."

"ஒரே ஒரு உருண்டைக்கா இவ்வளவு?"

"வாரம் முழுக்க அவருக்கு வீட்ல அதான் அக்கா. சனிக்கிழமை ஒண்ணு மட்டும் தட்டுக்குப் போகும்."

இந்தப் பெண்ணை எழுதும்போது எனக்கே ஒரு சந்தேகம். இவ்வளவு பொறுமையான மனைவி கதையில் வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அதனால் அவள் கிளம்பும்போது சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன்:

"அவரு நூறு வயசு இருக்கணும்னுதான் அக்கா ஆசை. ஆனா டாக்டர் சொன்னாருன்னு ஒவ்வொரு வாயையும் மாடு மாதிரி மென்னுக்கிட்டு இருக்காரு பாருங்க, அந்த நேரத்துல பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆசையே இல்ல."

இப்போது நம்பலாம்.

அந்தக் காலிப் பெட்டியும் விளங்கிவிட்டது. கறிக்கடைக்காரர் ஆரோக்கியத்துக்காக நடக்கிறார் என்று தெரியக் கூடாதாம். வீடு வீடாகக் கறி கொடுக்கப் போகிறவர் போல இருக்க வேண்டுமாம். விளைவு என்ன? மாடியிலிருந்து ஆட்கள் கூப்பிட்டு, "எங்களுக்கும் கொண்டுவாப்பா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இப்போது பெட்டி காலி இல்லை. நடை நீண்டுவிட்டது, வியாபாரமும் கூடிவிட்டது. பேண்ட்டை நான் இன்னொரு முறை பிடித்தேன்.

5.

தப்பு நடந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சமையலறையிலிருந்து தட்டைக் கொண்டுவந்து வைப்பவள் மனைவி. இடது மூலை என்றால் அவருடைய இடது. அன்று மேசையில் புதுத் தராசு வந்து உட்கார்ந்திருந்தது. தட்டு அதில் இடிக்கவே, அவள் அதை அரை வட்டம் திருப்பி வைத்தாள். அவ்வளவுதான். மூலை மாறிவிட்டது.

அவர் தன் இடது கைப்பக்கம் எடுத்தார், கடித்தார். நான் எதிரே இருந்து பார்த்தேன். அந்த முகத்தை எப்படி எழுதுவது? "பல மாதப் பிரிவுக்குப் பின் ரயில் நிலையத்தில்—" (வேண்டாம்.) கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே நின்ற மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். விழுங்கியபின் அவர் கண்ணில் தண்ணீர். "மிளகு தூக்கல்" என்று வரிசைக்கு விளக்கம் சொன்னார்.

அப்படியானால் காளான் உருண்டை? அது போய்ச் சேர்ந்த இடம் பிரம்பு டீச்சர் வாய்.

பிரம்பு டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பிரம்பை விட்டுப் பல வருஷம் ஆகிறது, பெயர் விடவில்லை. கறிக்கடைக்காரருக்கே எழுத்தறிவித்தவர். அன்று ஒன்றும் பேசாமல் தின்றார், போனார். புதன்கிழமை கடை வாசலில் வந்து நின்றார். என் மிஷின் தானாக நின்றது.

"டேய், கடைசி பெஞ்சு."

"டீச்சர்."

"சனிக்கிழமை எனக்கு ஒரு உருண்டை குடுத்தியே, அதுல என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதான் டீச்சர்."

"பொய் சொல்லாதே. எப்பவும் போடறது என் பல்செட்டுல மாட்டி ராத்திரி வரைக்கும் கூட வரும். இது வாயிலயே கரைஞ்சுது. எனக்கு அதேதான் வேணும். இந்தச் சனிக்கிழமை என் சிநேகிதிகளையும் கூட்டிட்டு வரேன். எல்லாருக்கும் பல்செட்டு."

அவர் போனதும் கறிக்கடைக்காரரும் மனைவியும் நேராக என் கடைக்கு வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கினேன். வாழ்க்கையில் இதைவிடச் சந்தோஷமான புதன்கிழமை எனக்கு வாய்த்ததில்லை. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "எத்தனை நாளைக்கு ஒளிச்சுத் தின்பீங்க?"

"என்னன்னு சொல்றது? கறிக்கடைக்காரன் கறி திங்குறதில்லன்னா? பக்கத்து மீன்கடைக்காரன் ஒருத்தன் போதும், ஊரெல்லாம் சிரிக்க வச்சிடுவான். அப்பா எழுதுன போர்டு மேல தொங்குது. அதுக்குக் கீழ நின்னு வாராவாரம் ஏமாத்திட்டிருக்கேன்னு தெரிஞ்சா, ஒருத்தன் வருவானா?"

"சொல்லாம இருந்தா மட்டும்?" என்றேன் நான். "டீச்சர்கிட்ட காளானைக் கறின்னு விக்கப்போறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடை போய்விடுமோ என்ற பயம் பாதி. அப்பாவின் வரிக்குக் கீழே நிற்கத் தகுதி போய்விட்டதோ என்ற வேதனை மீதி. அவ்வளவு பெரிய ஆள், என் துண்டுத்துணி மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். கேலி பண்ண எனக்கே வாய் வரவில்லை.

"அக்கா, நீங்க இதை யார்கிட்டயும் சொல்லலயே?"

"நானா!"

(உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.)

6.

முடிவுகள்.

முதல் முடிவு: சனிக்கிழமை அவர் எல்லாவற்றையும் சொல்கிறார். மக்கள் கை தட்டுகிறார்கள். மீன்கடைக்காரர் கட்டிப்பிடித்து அழுகிறார். பல் டாக்டருக்கு இது ரொம்பப் பிடிக்கும். எங்கள் தெருவைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே மழை வந்தால்கூடக் குறை சொல்லிவிட்டுத்தான் நனைவோம்.

இரண்டாவது முடிவு: அவர் மறைக்கிறார். டீச்சர் கண்டுபிடிக்கிறார். பலகை இறங்குகிறது. இதை ஒரு பத்தி எழுதியும் விட்டேன். பிறகு கத்தரிக்கோலால் வெட்டித் துண்டுத்துணி மூட்டையில் போட்டேன். நாளைக்கும் அந்த ஆள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துதானே நான் தைக்க வேண்டும்?

மூன்றாவது முடிவு: அன்று மழை பெய்து கடை—

(சீ. கோழைத்தனம்.)

7.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

சனிக்கிழமை. வரிசை வழக்கத்தைவிட நீளம். முன்னால் பிரம்பு டீச்சர், பின்னால் சிநேகிதிகள். அதற்குப் பின்னால் மீன்கடைக்காரர், கையைக் கட்டிக்கொண்டு. ஏதோ மோப்பம் பிடித்திருக்கிறார். சத்தியமாக என்னிடமிருந்து இல்லை.

மனைவி வந்தாள். ஒரு தட்டு இல்லை, இரண்டு. இரண்டிலும் உருண்டை, ஒரே நிறம், ஒரே பளபளப்பு.

கறிக்கடைக்காரர் எதையும் எடுக்கவில்லை. தலையைத் தூக்கி, கூரைக்கு மேலே தெரியாத பலகையைப் பார்ப்பது போல் ஒரு கணம் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க" என்றார். "இந்த ரெண்டுல ஒண்ணு கறி. இன்னொண்ணு காளான், பயறு. ஒண்ணைத்தான் நான் இப்ப தினமும் திங்குறேன். ரெண்டையும் விக்கப்போறேன். அப்பா சொன்ன வார்த்தை இனிமே பாதிதான் உண்மை. அதைச் சொல்லாம இருந்தது தப்பு."

மீன்கடைக்காரர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"எது நீ திங்குறது?" என்றார் டீச்சர்.

"நான் சொன்னா இனிமே நம்புவீங்களா டீச்சர்? நம்புற வாய் ஒண்ணு இருக்கு." திரும்பி என் கடையைப் பார்த்தார். "அக்கா! இங்க வாங்க. ரெண்டையும் கடிச்சுப் பாத்து, எது நல்லாயிருக்குன்னு நீங்க சொல்லுங்க. எப்படியும் தெருவுக்குச் சேதி உங்க வாய் வழியாத்தான் போகணும்."

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார், பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. மாறாக எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மீன்கடைக்காரர் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

கழுத்தில் டேப்போடு தெருவைக் கடந்தேன். ஒரு தட்டிலிருந்து ஒன்று எடுத்துக் கடித்தேன். விழுங்கினேன். அடுத்த தட்டிலிருந்து எடுத்தேன். இது பெரியது. முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா டெய்லர், சொல்லு" என்றார் டீச்சர்.

"சொல்லுங்க அக்கா" என்றாள் மனைவி.

"சீக்கிரம்" என்றார் மீன்கடைக்காரர், ஏற்கெனவே பையைத் திறந்துகொண்டு.

இங்கேதான் பல் டாக்டர் கேட்ட அந்த எளிய தினசரிப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்றே ஒன்று: வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக் கூடாது. அவசரப்படாமல் நன்றாக மெல்ல வேண்டும்.

தெரு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இப்படி ஒரு நாள் இனி எனக்கு வராது. குறிப்பு மேலே இருக்கிறது, நாலாவது பகுதியில். தண்ணீர் வற்றும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். செய்து, கடித்துப் பார்த்து, தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.