முன்னால் நின்ற பெயர்

அவனியாபுரம் பட்டறைக்குள் நுழையும்போதே உக்கிரபாண்டி குரல் கொடுத்தார். "தாயி, நேத்து ஹரி தம்பி வந்து போர்டுல புது மெமரி கார்டு போட்டுட்டுப் போச்சு. அப்பயிருந்து மோட்டார் ஓட மாட்டேங்குது. நாத்து கருகுது."

திருமங்கலம் பக்கம் அவருடைய வயல். அங்கே கிணற்று மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் போர்டை இந்துப்ரியாவும் ஹரிராமும் சேர்ந்து செய்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் அவர்கள் கம்பெனியின் ஒரே சரக்கு அதுதான்.

அவர் கழற்றிக் கொண்டுவந்த கார்டை இந்து கம்ப்யூட்டரில் செருகினாள். போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும் ஃபைலைத் திறந்தாள். அதில் பெயர் எழுத ஒரு முறை உண்டு. செய்தவர் பெயர் முன்னால், கருவியின் பெயர் பின்னால். தனக்குத் தெரிந்த பெயரைப் பார்த்தால்தான் மோட்டாரை ஓட்டும் புரோகிராம் வேலையைத் தொடங்கும். முன்னால் நிற்க வேண்டியது சுந்தரவல்லி, இந்துவின் அம்மா பெயர். பட்டறை கிடைக்கும்வரை வீட்டு மாடியைக் கொடுத்துத் தினமும் சோறும் போட்டவள் பெயரையே கம்பெனிக்கு வைப்போம் என்று சொன்னது ஹரிதான். பெருமாள் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

இப்போது அந்த இடத்தில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது.

சற்று நேரத்தில் ஹரி வந்தான். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன ஹரி இது?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அவுங்க என்னை வேலைக்கு எடுத்துக்கிறாங்க இந்து. போர்டு அவுங்களோடதா இருக்கணும்னாங்க."

"நான் எழுதுன புரோகிராம் பழைய பேரைத்தான் தேடும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உனக்குத் தெரிஞ்சுபோகுமே."

உக்கிரபாண்டி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பேரை மாத்துனதுக்கா கோவிச்சுக்கிருச்சு மோட்டாரு? என் மச்சினன் மாதிரியில்ல இருக்கு!"

ஹரி மெல்ல உள்ளே வந்து மேசையருகே நின்றான்.

"நாளைக்கு இந்த அண்ணன் வயலுக்குப் போர்டைப் பார்க்க அவுங்க வாராங்க," என்றான் ஹரி. "புதுப் பேரு முன்னால இல்லாட்டி எனக்கு வேலை இல்லை."

பழைய பெயரை மட்டும் போட்டால் மோட்டார் ஓடும், ஹரி மாட்டிக்கொள்வான். அவளுக்கும் அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கருவிக்கு இரண்டு பெயர் எழுதவும் வழி இருந்தது. புதியது முதலில், பழையது அடுத்து. முதல் பெயர் தெரியாவிட்டால் புரோகிராம் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். இந்து கோயம்புத்தூர்ப் பெயரை அழிக்கவில்லை. அதற்குப் பின்னால் அம்மாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதி, கார்டை உக்கிரபாண்டியிடம் நீட்டினாள்.

"இதைப் போடுங்கண்ணே, ஓடும். பஸ்ஸுல வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

அம்மா இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்ட கேரியர் மேசைமேல் இருந்தது. வழக்கம்போல் அதைத் திறக்க ஹரி கையை நீட்டினான். பிறகு அவனாகவே இழுத்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிரு," என்றாள் இந்து. "என்னால சொல்ல முடியாது."