ஒட்டிக்கொண்ட இரண்டு செல்கள்

பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் கெட்ட சேதியைக் கேட்டால் தீப்பிடித்துவிடும். ஆகையால் செங்கானூரில் பழைய பேட்டரி பிரிக்கும் கடைகளில் நல்லதை மட்டும்தான் பேசுவார்கள். இழவு சொல்ல வருகிறவர்கள்கூட இனிப்போடுதான் வருவார்கள். அருந்தவத்தின் மாமனார் இறந்தபோது, "மாமா நல்லா ஓய்வெடுக்கப் போயிட்டாரு" என்று சிரித்த முகமாகச் சொல்லி, கடையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு லட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அருந்தவம் லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, உயிருள்ள செல்களை டார்ச் லைட்டுக்குப் போடுகிறவன். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையுறை மாட்டி, உறையை மூங்கில் சீவலால் நெம்புவான். இரும்பைக் கண்டால் செல்கள் மிரளும். டேப் சுற்றி மறைத்த கத்தரியால் இணைப்புத் தகட்டை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய முனைக்கு உடனே டேப் ஒட்டுவான். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கும். அவ்வளவு நேரமும் வாய் ஓயாது. "ராசா, நீ இல்லாட்டி இந்த ஊரே இருட்டுதான்" என்று கொஞ்சிக்கொண்டே இருப்பான். அந்தத் தெருவில் அவன் கடையில் மட்டும் தீயே பிடித்ததில்லை.

அன்று ஆறு செல் பேட்டரியில் நான்கைப் பிரித்து முடித்திருந்தான். மீதி இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போது அவன் மனைவி தில்லை, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் ஜிலேபிப் பொட்டலமுமாக வந்து நின்றாள். ஜிலேபியைப் பார்த்ததுமே ஏதோ கெட்ட சேதி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு சந்தோஷமான சமாச்சாரம்ங்க," என்றாள். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"ரொம்ப நல்லது. எப்ப வருவ?"

"வரவே மாட்டேன். அவ்வளவு சந்தோஷம்."

கத்தரியை மெல்லக் கீழே வைத்தான். "என்ன விசேஷம்?"

"நல்ல வார்த்தையெல்லாம் உங்களுக்குக் கடையிலேயே தீர்ந்துபோயிடுது. வீட்டுக்கு வந்தா 'சோத்தைப் போடு', 'லைட்ட அணை'. கல்யாணமான நாள்லேருந்து இதே கதைதான். எனக்கு எவ்வளவு பெரிய பாக்கியம்!" கண்ணில் நீர் வழிய அவள் சிரித்தாள்.

செல்கள் சூடாகத் தொடங்கின. சிரிப்பையும் ஜிலேபியையும் அவை ஓரளவுக்குத்தான் நம்பும். அருந்தவம் மணல் வாளியைப் பார்த்தான். மணலைப் போட்டால் கடை தப்பிக்கும். ஆனால் அதற்குள் அவள் பஸ் ஏறிவிடுவாள். அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் வாளியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"உன் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பாதி அலுப்பு போயிடும்," என்றான். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, காபியக் கொடுத்துட்டு நீ தும்முன. அந்தத் தும்மலுக்காகத்தான் சரின்னு சொன்னேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

செல்கள் குளிர்ந்தன.

தில்லை அவனையும் செல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது எனக்கா, அதுகளுக்கா?"

"அதுகளுக்குத் தும்மத் தெரியாது."

அவள் பையைக் கீழே வைத்தாள். அந்த இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி, வாங்கிக்கொண்டு போய் வீட்டு அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலிருந்து வீட்டிலும் நல்ல பேச்சுதான். முதலில் அருந்தவம் பயத்தில் பேசினான். பிறகு பயம் மறந்துபோயிற்று, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வாரம் மாமியார் கடைக்கு வந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் மாப்ளே. மாமா ஓய்வு போதும்னு திரும்பி வந்துட்டாரு. வந்ததுலேருந்து பழையபடி ஒரே வசவு. எங்க வீட்டு அலமாரிக்கும் ஒண்ணு குடுங்க."

மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சின்னதாப் போதுமா அத்தே?"

"அவர் வாய்க்குச் சின்னது காணாது."

அருந்தவம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றைத் துடைத்து எடுத்துக் கொடுத்தான். மாமனார் அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, செல்களுக்குக் கேட்டுவிடாமல் சிரித்த முகமாகவே, தான் ஓய்வெடுக்கப் போன அன்றைக்கு எல்லாருக்கும் கொடுத்த லட்டு தனக்கு மட்டும் வரவில்லை என்றார். அருந்தவம் மிட்டாய்க் கடைக்கு ஆள் அனுப்பினான்.