அம்மா பேருக்கு ஒரு நாள்

ஜனவரி மாதம் வந்தால் சண்முகவடிவுக்குக் காலில் சக்கரம் கட்டாத குறைதான். கொப்பிகளுக்கு உறை போட வேண்டும். பெரியவளின் சப்பாத்து கடித்தால் பஞ்சு வைத்துக் கொடுக்க வேண்டும். சின்னவளின் வெள்ளைச் சட்டை நீளமாக இருந்தால் மடித்துத் தைக்க வேண்டும். இதற்கு நடுவே விடியக் காலை நாலு மணிக்கு எழுந்து பீலித் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, ஆறே முக்காலுக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய பேர் போச்சு, கூலியும் போச்சு. ஒரு நிமிடம் பிந்தினாலும் போச்சுதான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்று தேயிலைத் தோட்டத்துக்கு ஏதாவது தெரியுமா என்ன?

புருஷன் சுதாகரன் கொழும்பில் கட்டட வேலை. தீபாவளிக்கு வந்தவன்தான். போனில் மட்டும் வாய் நிறையப் பேசுவான். "புள்ளைங்கள நல்லாப் பாத்துக்க" என்பான். பார்த்துக்கொள்ளாமல் அவள் என்ன தேரா இழுத்துக்கொண்டிருக்கிறாள்?

அந்த மாதம் அவளுக்கு மூன்று நாள் பேர் விழவில்லை. ஒரு நாள், மூத்தவள் சுலக்ஷனாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம். மற்ற இரண்டு நாளும் இளையவள் வினோதாவின் பிறப்புச் சான்றிதழுக்காகப் போனது. முதல் நாள் அலுவலகத்தில் அதைக் கொடுக்கிறவர் வரவில்லை. நாளைக்கு வா என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு நாளை என்றால் நாளை. இவளுக்கு அது இன்னொரு பேர்.

மூன்றாவது நாளும் விட்ட பிறகு கங்காணி பழனியாண்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தா பாரு வடிவு. இந்த மாசம் இன்னும் ஒரு நாள் விட்டியன்னா பேர வெட்டச் சொல்லி ஆப்பீசுல உத்தரவு. அப்புறம் என்னைய சொல்லி குத்தமில்ல. பேரு இல்லாட்டி காம்பராவும் இல்ல, தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? லயத்து வரிசையில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா அவள் பேரில்தான் நின்றது. மாமனார் செத்துப்போய், புருஷன் தோட்டத்து வேலையை விட்டுக் கொழும்புக்குப் போன பிறகு, அந்தக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் எழுதியிருந்த சண்முகவடிவு என்கிற பேர் மட்டும்தான்.

வினோதாவுக்குத் தரம் ஒன்று. முதல் நாள் வரவேற்பு விழா. தாயோ தகப்பனோ கட்டாயம் வரவேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மாதிரி இக்கட்டுக்குத் தோட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஒருத்தி வர முடியாவிட்டால் அவள் பேருக்கு இன்னொருத்தி போய் நிற்பாள். தலையில் துண்டு, அதன் மேல் சாக்கு, இடுப்பில் படங்குத் துணி என்று கட்டிக்கொண்டால் தூரத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கருக்கு எல்லாப் பொம்பளையும் ஒன்றுதான். கங்காணிக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். கொழுந்து நிறுவையில் வந்து விழுந்தால் சரி.

அடுத்த காம்பரா ராசம்மாள் பென்சன் எடுத்தவள். "நான் நிக்கிறேன்டி, நீ கவலப்படாம போ" என்று முந்தின நாள் வாக்குக் கொடுத்திருந்தாள். விடிந்து பார்த்தால் ராசம்மாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

சண்முகவடிவு வாசலில் வந்து நின்றாள். மணி ஆறே கால். மலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. உள்ளே சின்னவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சப்பாத்தின் டக் டக் சத்தம் கேட்கக் கேட்க இவளுக்கு அழுகை முட்டியது.

சுலக்ஷனா தலை பின்னிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. தரம் ஒன்பது. பாதிப் பின்னலோடு வெளியே வந்தாள்.

"நான் போறேன்மா."

"எங்கடி போற?"

"மலைக்கு. ஒங்க பேருக்கு. லீவுக்கு கந்தப்பன் தாத்தா வீட்டுத் தேயிலைத் துண்டுல கொழுந்து எடுத்தேன்ல? கை வேகமா வரும்."

"ஒதச்சேன்னா பாரு. ஒனக்குப் பள்ளிக்கூடம்."

"ஒரு நாள்தானேம்மா. பாப்பாவுக்கு முத நாளு. யாரும் இல்லாம நின்னா அழும்."

ஒரு நாள்தானே. அந்தச் சொல்லைத்தான் சண்முகவடிவு பிறகு எத்தனையோ முறை வாய்க்குள் போட்டு மென்றாள். அப்போது அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பாவி மனசு, அதைப் பிடித்துக்கொண்டது. தன் படங்கை எடுத்து மகளின் இடுப்பில் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினாள். துண்டை நெற்றி வரைக்கும் இழுத்துக் கட்டினாள்.

"யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லு. வேற வாயத் தெறக்காத."

"வயசு கேட்டா?"

"முப்பத்தாறு."

சுலக்ஷனா இடுப்பில் கை வைத்து, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "நாந்தாங்க சண்முகவடிவு. வயசு முப்பத்தாறு. ரெண்டு பொட்டப்புள்ளைங்க. மூத்தது சொன்ன பேச்சுக் கேக்காது" என்றாள். சின்னவள் கை தட்டிச் சிரித்தாள். சண்முகவடிவும் சிரித்துவிட்டாள். "போடி வாயாடி. இழுப்பு வந்தா ஒக்காந்துரு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள். சின்ன வயதிலிருந்தே சுலக்ஷனாவுக்குப் பனி நாளில் மூச்சு இழுப்பு வரும்.

பள்ளிக்கூடத்தில் வாழை கட்டி, பலூன் கட்டியிருந்தார்கள். தரம் இரண்டு பிள்ளைகள் வரிசையாக வந்து, புதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். வினோதாவின் தலையில் மஞ்சள் கடதாசிக் கிரீடம் வைத்தார்கள். அது காது வரைக்கும் இறங்கிவிட்டது. அவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா இருக்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சண்முகவடிவு கை காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு காலை நீட்டி ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அதிலும் அவள் நின்றாள்.

பதினொன்றரை மணி இருக்கும். அவர்கள் தோட்டத்தில் த்ரீவீல் ஓட்டுகிற கஜேந்திரனும் மகனைச் சேர்க்க வந்திருந்தான். அவன் போன் அடித்தது. காதில் வைத்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நம்ம தோட்டத்துல குளவி கொட்டிருச்சாம். ஏழாம் நம்பர் மலையில. நாலு பொம்பளைங்களாம். ஒரு ஆளுக்கு ரொம்ப மோசமாம்."

"யாரு, யாரு?" என்று சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள்.

"சண்முகவடிவாம்" என்றவன் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அட, நீங்க இங்க இருக்கீங்களே அக்கா! ஆள மாத்திச் சொல்றானுங்க பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பொம்பளை, "ஒங்களுக்கு ஆயுசு கெட்டிதான்" என்றாள். சண்முகவடிவு கதிரையை விட்டு எழுந்தாள். கஜேந்திரனின் கையைப் பிடித்து இழுத்தாள். "எம் புள்ள" என்றாள். யாருக்கும் விளங்கவில்லை. உள்ளே வினோதா பத்திரமாகத்தானே இருக்கிறாள் என்று அவர்கள் அவளைத் தேற்றினார்கள்.

கஜேந்திரன்தான் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டான். வாசலிலேயே பழனியாண்டி நின்றார். அவர் முகத்திலும் இரண்டு கொட்டு. அவளைக் கண்டதும் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனார்.

"வடிவு, நா சொல்றதக் கேளு. தலையில நெறயக் கொட்டிருச்சு. மருந்து ஏத்துறாங்க. ஒன் பேர்லதான் எழுதியிருக்கு, மாத்திராத. பள்ளிக்கூடத்துப் புள்ளைய மலைக்கு எறக்குனேன்னு தெரிஞ்சா எனக்கு வேல போயிரும், ஒனக்குப் பேரு போயிரும். நாளைக்கு சரியாயிருச்சுன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் ஒரு காம்பரா, அவருக்கும் பிள்ளைகள். அந்தக் குரலும் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த குரலும் ஒன்றாகத்தான் இருந்தன. வார்டு வாசலில் நர்ஸ் பிரியந்தி மிஸ்ஸி, "சண்முகவடிவுக்கு நீங்க யாரு?" என்று கேட்டபோது, சண்முகவடிவு சொன்னாள், "தங்கச்சி."

சொன்னாளே! பெற்றவளின் வாய்தான் சொன்னது.

"நேரம் எடுக்கும். வெளியே இருங்க" என்றாள் மிஸ்ஸி. அரை மணிக்கு மேல் அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கங்காணி. உள்ளே கூப்பிட்டபோது அவளுக்கு முதலில் மகளை அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்க வீங்கி, கண் இரண்டும் மூடிப்போய், உதடு தடித்துக் கிடந்தது. பாதி பின்னிய பின்னல் மட்டும்தான் சுலக்ஷனாவுடையதாக இருந்தது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

மிஸ்ஸி கன்னத்தில் தட்டி, "பேர் என்ன? பேர் சொல்லுங்க" என்றாள்.

"சண்முக...வடிவு" என்றது அந்த வாய். "முப்பத்தாறு."

"அம்மா வந்திருக்கேன்டி. ஒம் பேரச் சொல்லு கண்ணு."

மகள் கையை நீட்டித் தடவினாள். தாயின் விரல் அகப்பட்டதும் அதைப் பிடிக்கவில்லை, தள்ளினாள். "போயிருங்கம்மா. ஒங்களப் பாத்தாங்கன்னா பேர வெட்டிருவாங்க."

அதற்குப் பிறகு சண்முகவடிவு போட்ட சத்தம் அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. "ஐயோ, இவ எம் மக! பேரு சுலக்ஷனா! பதினாலு வயசு! இவளுக்கு இழுப்பு இருக்கு மிஸ்ஸி, சின்னதுலேர்ந்து இருக்கு! நாந்தான் சண்முகவடிவு, நாந்தான் பாவி!" டொக்டர் ஓடி வந்தார். காகிதத்தில் இருந்த பேரையும் வயதையும் வெட்டினார்கள். மருந்தை மாற்றினார்கள், குழாய் வைத்தார்கள், அவளை வெளியே அனுப்பினார்கள். பின்னேரம் மூன்றே கால் மணிக்கு டொக்டர் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த அரை மணி நேரம் முந்திச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று சண்முகவடிவு கேட்டாள். "தெரியாதும்மா" என்றார் அவர். தெரியும் என்று சொல்லியிருந்தால்கூட, அது எந்தப் பக்கமாக இருந்தாலும், ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதிருப்பாள்.

சுதாகரன் வந்தான், அழுதான், அடக்கம் முடிந்ததும் போனான். ஐந்தாம் நாள் காலையில் தோட்டத்து ஆப்பீசிலிருந்து ஆள் வந்தது. வினோதாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வழியில் அவள் அங்கே ஏறினாள். கண்டாக்கர் ஒரு காகிதத்தை நீட்டினார். பக்கத்தில் பழனியாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்டாக்கரே வாசித்துக் காட்டினார். அன்று சண்முகவடிவு காலை முதல் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தாள். மகள் பள்ளிக்குப் போகாமல் தாய்க்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அப்போது குளவி கொட்டியது. தோட்டத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

"இதுல கையெழுத்துப் போடு. செக்ரோல்லயும் அப்படித்தான் இருக்கு, பாரு. காலையில எடுத்த கொழுந்துக்கு ஒனக்கு அரைப்பேரு விழுந்திருக்கு. பேரும் நிக்கும், காம்பராவும் நிக்கும். தோட்டத்துத் தொர ஒனக்காக இரக்கப்பட்டுத்தான் இத செய்றாரு."

அவள் செக்ரோலைப் பார்த்தாள். அவளுடைய பேருக்கு நேரே அந்தத் தேதியில் பாதிக் கோடு கிழித்திருந்தது. பன்னிரண்டு கிலோ. நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோ! பெரிய பொம்பளைகளே திணறுகிற மலை அது. கை வேகமாக வரும் என்று சொன்னாளே, பொய் சொல்லவில்லை.

"நா அன்னைக்கு மலையில இல்ல" என்றாள். "பள்ளிக்கூடத்துல இருந்தேன். படம் புடிச்சிருக்காங்க, அதுல நிக்கிறேன்."

"யோசிச்சுப் பேசு. இன்னொரு புள்ள இருக்கு ஒனக்கு. எங்க கொண்டு போய் வைப்ப?"

"தெரியலங்க."

"அப்புறம்?"

"இந்தக் கொழுந்து எம் மக எடுத்தது. இந்த அரைப்பேரு அவளோடது. என் பேர வெட்டிட்டு அவ பேர எழுதுங்க."

பழனியாண்டி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போனார். கண்டாக்கர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, காம்பராவைக் காலி பண்ண முப்பது நாள் தவணை என்றார். சண்முகவடிவு சரி என்று தலையை ஆட்டினாள்.

வாசலில் வினோதா புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அக்கா பேர எழுதிட்டாங்களாம்மா?"

"இல்லடி" என்றாள் சண்முகவடிவு. பள்ளிக்கூட மணிக்கு நேரமாகிவிட்டது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி வேகமாக நடந்தாள்.