வலியின் கொள்முதல்

குற்றாலத்துப் பழக்கடை வரிசையில் அருமைநாயகம் சொல்லும் 'கட்டாது' என்ற ஒற்றைச் சொல்லின் விலை, கிலோவுக்கு நூற்றுப் பத்து ரூபாய். எங்கே தேடினாலும் கிடைக்காத சரக்கு அது. ஆனாலும் வியாபாரி வீட்டில் விலை போடாத பொருள் என்று ஒன்று இருக்கக் கூடாதே, அதனால் அவர் மனைவி ரெபேக்காள் ஒரு சீசன் முழுக்கக் கவனித்துக் கண்டுபிடித்த தொகை. மங்குஸ்தான் வாங்க வருகிறவர் நூற்று எண்பதில் ஆரம்பிப்பார். அருமைநாயகம் பழத்தையும் பார்க்க மாட்டார், ஆளையும் பார்க்க மாட்டார். மெயின் அருவி இருக்கும் திசையில் எங்கேயோ பார்த்தபடி 'கட்டாது' என்பார். அவ்வளவுதான். வந்தவர் தானாகப் படியேறி இருநூற்றுத் தொண்ணூறில் வந்து நிற்பார். மகன் கிங்ஸ்லியும் அதே சொல்லை அதே திசையில் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள்.

இந்தச் சொல்லுக்கு வந்த ஆபத்து ஒரு லாரியிலிருந்து வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பெட்டி இறக்கும்போது அருமைநாயகம் வழுக்கி விழுந்தார். முதுகில் ஆபரேஷன். எலும்பு தேறியது, நரம்பு தேறவில்லை. இடது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, ஈரக் கையால் ப்ளக்கைத் தொட்டதுபோல் அடிக்கடி ஒரு சுண்டு சுண்டும். ஸ்டூலில் அரை மணி உட்கார்ந்தால் காலை யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாம் போலிருக்கும். அருவியில் நின்று பார்த்தார். எண்ணெய் மசாஜுக்குப் படுத்துப் பார்த்தார். புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போய் ஒரு வைத்தியரிடம் பதினான்கு நாள் கிழி ஒத்தடம் வாங்கினார். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வலியை எடுத்துக்கொண்டு, மறுவாரமே திருப்பிக் கொடுத்தார்கள்.

கிங்ஸ்லி நல்ல பிள்ளை. அப்பா படும் பாட்டைப் பார்த்துவிட்டுத் தென்காசியில் ஒரு போர்டு செய்து கொண்டுவந்தான். கனமான ப்ளைவுட்டில், ஆறடிக்கு மூன்றடி: 'ஒரே விலை. பேரம் இல்லை.' வருகிறவர்கள் போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டிவிட்டுப் போகட்டும், அப்பா வீட்டில் காலை நீட்டிப் படுக்கட்டும் என்பது அவன் எண்ணம். அருமைநாயகத்துக்கு அந்தப் போர்டைப் பார்த்ததும், உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல்லில் தன் பேரைப் படித்ததுபோல் இருந்தது. நான் கடையில் உட்காரும்வரை அது சுவரைப் பார்த்துத்தான் நிற்கும் என்றார். ஒரு சீசன் முழுசாக உட்கார முடியாமல் போனால் போர்டு வெளியே வரும் என்று அப்பனுக்கும் மகனுக்கும் ஒப்பந்தமானது.

இப்படித்தான் அவர் தென்காசியில் வலிக்கென்றே மருத்துவம் பார்க்கும் டாக்டர் அனுசியாவிடம் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாள் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, வலி இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், இதற்குமேல் உயிர் தாங்காது என்றால் பத்து, உங்கள் வலி எத்தனை என்று கேட்டார்.

அருமைநாயகத்தின் முப்பத்தைந்து வருஷத் தொழில் சட்டென்று முழித்துக்கொண்டது. வலி உண்மையில் ஆறுதான். ஆனால் ஆறு என்று வாயைத் திறந்தால் இந்த அம்மாள் நாலுக்குக் கேட்பாள். மருந்தும் நாலுக்குத்தான் கிடைக்கும்.

"பத்து," என்றார்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். முதல் விலைக்கே வாங்கிவிட்டுப் போகிற வாடிக்கையாளரைப் பார்த்தால் வருகிற சந்தேகம் அருமைநாயகத்துக்கு வந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனை நேரம் உட்கார முடிகிறது? அரை மணியை ஐந்து நிமிஷம் ஆக்கினார். எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? வாசல் வரைக்கும். தூக்கம்? அது என்ன நிறம் என்றே மறந்துபோச்சு.

டாக்டர் எழுதியது வீரியமான மாத்திரை, அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டுதான் கொடுப்பார்கள். வண்டி ஓட்டக் கூடாது, மதுவைத் தொடக் கூடாது, வேறு யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. இந்த மாத்திரை மட்டும் போதாது என்றும் அந்த அம்மாள் சொன்னார். நரம்புக்குத் தனி மாத்திரை, பிசியோதெரபி காஜாவிடம் உடற்பயிற்சி, தினமும் அரை மணி நடை, எட்டுக் கிலோ எடை குறைப்பு, சிகரெட் நிறுத்தம். இதெல்லாம் வேட்டி வாங்கினால் கூடவே கொடுக்கிற துண்டு மாதிரி அருமைநாயகத்துக்குப் பட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனால் யாரும் பிரிப்பதில்லை. வீரியமான மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. ஆறு நாலானது. ஆனால் வலி இறங்கியதைச் சொன்னால் மருந்தையும் இறக்கிவிடுவார்களே என்று, அடுத்த தடவை மிகுந்த பெருந்தன்மையோடு ஒன்பதரை என்றார். காஜாவிடம் போகிறீர்களா என்று கேட்டதற்குத் தவறாமல் என்றார். டாக்டர் ஒரு படி கூட்டி எழுதி, அசதியாக இருந்தால் உடனே போன் பண்ணுங்கள், எப்படியும் இரண்டு வாரத்தில் வந்து காட்டுங்கள் என்றார். அதற்குள் சாரல் விழுந்து சீசன் பிறந்துவிட்டது. சீசனில் குற்றாலத்து வியாபாரி யாரைப் பார்க்கப் போவான்?

சீசனின் முதல் பெரிய வியாபாரம் எப்போதும் கடையநல்லூர் சேக் மைதீனுடையது. வளைகுடாவில் சம்பாதித்த வீடுகளின் கல்யாணங்களுக்குப் பழத்தட்டு வைக்கிறவர். அவருக்கும் அருமைநாயகத்துக்கும் நடக்கும் பேரத்தைப் பார்க்க அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் டீ டம்ளரோடு வந்து நிற்பார்கள். அன்றைக்கும் நின்றார்கள். சேக் மைதீன் ஒரு மங்குஸ்தானை எடுத்து, அது ஏதோ தப்புச் செய்ததுபோல் முறைத்துவிட்டு, நூற்று எண்பது என்றார்.

"சரி," என்றார் அருமைநாயகம்.

டீ உறிஞ்சும் சத்தம்கூட நின்றுவிட்டது. ஜெயித்த சேக் மைதீன் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. பர்ஸைப் பறிகொடுத்தவர் மாதிரி நின்றார்.

"அண்ணாச்சி, நான் சொன்னது காதுல விழுந்துச்சா? நூத்தி எம்பதுன்னேன்."

"விழுந்துச்சு பாய். எடுத்துக்கிடும்." அருமைநாயகத்தின் இமை பாதிக்குமேல் ஏறவில்லை. நாக்கு ஈரத் துணி மாதிரிக் கிடந்தது.

சேக் மைதீன் பழத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். கல்லாவில் இருந்த ரெபேக்காளிடம் திரும்பினார்.

"அக்கா, அண்ணாச்சியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தூங்குத ஆளுகிட்ட நான் யாவாரம் பண்ண மாட்டேன்."

ஒரு பழம்கூட வாங்காமல் வண்டியேறிப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் இந்தச் செய்தி ஐந்தருவி வரைக்கும் குளித்துவிட்டு வந்தது. கிங்ஸ்லி போர்டை எடுத்துத் தூசி தட்டினான். சத்தம் போட்டிருந்தால்கூட அருமைநாயகத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையிலேயே புருஷனும் பெண்டாட்டியும் டாக்டர் முன்னால் இருந்தார்கள். இந்தச் சனியன் மாத்திரை இன்றோடு வேண்டாம் என்றார் அருமைநாயகம். அப்படிச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு ரகளை பண்ணும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், மாத்திரையின் மேல் தப்பு இல்லை, அளவின் மேல்தான் என்றார் டாக்டர். பிறகு பேனாவைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டார். எத்தனை?

அருமைநாயகம் மின்விசிறியைப் பார்த்தார்.

"கொள்முதலைச் சொல்லுங்க," என்றாள் ரெபேக்காள்.

"கொள்முதலை நான் உன்கிட்டயே சொன்னதில்லையேட்டி."

"எனக்குச் சொல்ல வேண்டாம். நான் வெளிய இருக்கேன்."

எழுந்து போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் எந்தப் பழத்தை என்ன விலைக்கு வாங்கினோம் என்று யாரிடமும் சொல்லாத மனுஷன், பக்கத்துக் கடைக்காரன் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல் மேஜைமேல் குனிந்தார்.

"ஆறு," என்றார். "காலைல அஞ்சு. உக்காந்தா ஆறு, சில நாள் ஏழு. மாத்திரை போட்டா நாலு. காஜாவை நான் பார்த்ததே இல்லை."

டாக்டர் கோபப்படவில்லை. "நீங்க பத்துன்னு சொன்னப்பவே உங்க மூஞ்சி ஆறுன்னு சொல்லிச்சு. நான் மூஞ்சியை நம்பியிருக்கணும். பூஜ்யம் ஆக்குதேன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலி குறைஞ்சா என்ன செய்யணும் உங்களுக்கு, அதைச் சொல்லுங்க."

"'கட்டாது'ன்னு சொல்லணும்."

விஷயத்தை விளக்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அந்த அம்மாள் சிரிக்காமல் எழுதிக்கொண்டார் என்பதை அருமைநாயகம் பிற்பாடு பலரிடம் பெருமையாகச் சொன்னார். அதன்பின் பழைய பட்டியல் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை இனாமாக இல்லை, விலையாக. அருமைநாயகம் முப்பது நிமிஷ நடையைப் பத்துக்குக் கேட்டார். சிகரெட்டை நாளைக்கு இரண்டு என்று கேட்டார். டாக்டர் அசையவில்லை. எங்கள் கடையில் ஒரே விலை என்றார். அந்த இரண்டு சொல்லும் தென்காசி வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டதே என்று அருமைநாயகம் நொந்துபோனார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பரோட்டா மட்டும் அடித்துப் பிடித்து வாங்கினார். அது போதும், வெறுங்கையோடு திரும்பவில்லை.

அந்தச் சீசனின் மிச்சத்தை அவர் வீட்டில்தான் கழித்தார். ஒப்பந்தப்படி போர்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஆனால் காஜா வந்து, மெத்தை ஆகாது, முதுகுக்குச் சமமான கெட்டிப் பலகை வேண்டும் என்றான். அந்த அளவில் அவர்களிடம் இருந்த பலகை ஒன்றுதான், அது கடையில் சுவரைப் பார்த்து நின்றது. கிங்ஸ்லியே அதைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். காலையும் மாலையும் 'ஒரே விலை'யின்மேல் மல்லாந்து படுத்து, அருமைநாயகம் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்தார், இடுப்பைத் தூக்கினார், காஜாவை வைதார். விடிந்ததும் ஐந்தருவிச் சாலையில் நடந்தார். முதல் வாரம் ஆறு நிமிஷம். கார்த்திகை வாக்கில் இருபது. சிகரெட் கேட்ட கைக்கு ரெபேக்காள் நெல்லிக்காயைக் கொடுத்தாள். மாத்திரை மாதத்துக்கு ஒரு படி இறங்கியது. மார்கழியில் ஆசைப்பட்டுத் தாமாக இரண்டு படி இறங்கி நான்கு நாள் வியர்த்து நடுங்கி, போனிலேயே டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வலியை ஒரு நோட்டில் எழுதினார். ஒரு எண்ணையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படி உண்மை விலை எழுதின நோட்டு அவர் வாழ்நாளில் அது ஒன்றுதான். ஆகவே அதைக் கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த சாரலுக்கு ஏழு கிலோ இளைத்த அருமைநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சேக் மைதீனின் வண்டி வந்து நின்றது. டீ டம்ளர்கள் கூடின. மரியாதையான தூரத்தில் கிங்ஸ்லியும் நின்றான்.

சேக் மைதீன் அவர் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான் பழத்தை எடுத்தார்.

"நூத்தி எம்பது."

அருமைநாயகம் மெயின் அருவிப் பக்கம் பார்த்தார். "கட்டாது."

யாரோ ஒருவர் மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. பேரம் புறப்பட்டது. இருநூறு, இருநூற்று இருபது. போன வருஷக் கல்யாணம், இந்த வருஷ மழை, டீசல் விலை, இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஊடே வந்துபோயின. இருநூற்று அறுபதில் முட்டிக்கொண்டு நின்றபோது அருமைநாயகம் பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார். கடையை விட்டு இறங்கி நடந்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் எழுந்து போனதே இல்லை. சேக் மைதீன் பதறிப் பின்னால் குரல் கொடுத்தார்: "இருநூத்தி எம்பது அண்ணாச்சி."

அருமைநாயகம் திரும்பவில்லை. கார் நிறுத்தம் வரை போய், நிதானமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இருபது நிமிஷம் பேச்சு. மறுபடியும் எழுந்தார், நடந்தார். இந்தத் தடவை அவர் கார் நிறுத்தத்தை எட்டுவதற்குள் சேக் மைதீன் முந்நூற்றுப் பத்துக்கு வந்துவிட்டார். குற்றாலத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவே அந்த விலை அதுவரை நின்றதில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் அருமைநாயகத்தின் சட்டைப் பையிலிருந்து போன் கிணுகிணுத்தது.

"அதென்ன அண்ணாச்சி, உம்ம பை அடிக்கடி துடிக்கி?"

"அலாரம் பாய். இருபது நிமிசத்துக்கு மேல உக்காரக் கூடாது, எந்திரிச்சு நடக்கணும்னு டாக்டர் உத்தரவு. இவ்வளவு நேரமும் சத்தம் வராம வச்சிருந்தேன், இப்பத்தான் தொறந்து விட்டேன்."

சேக் மைதீன் அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நீரு கோவிச்சுக்கிட்டுப் போகலையா?"

"காலு மரத்துச்சுவே."

வரிசையே சிரித்தது. சேக் மைதீன் கடைசியாகச் சிரித்தார், ஆனால் எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தார். இந்த விலைக்காகத்தான் போன வருஷம் அந்தச் சரக்கை விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்லிக்கொண்டே வண்டியேறினார். அவர் வண்டியில் பெட்டி ஏற்றிவிட்டு வந்த கிங்ஸ்லி, அந்தப் போர்டு வீட்டிலேயே இருக்கட்டும், அப்பாவுக்குப் படுக்க வேண்டுமே என்று அம்மாவிடம் சொன்னது அருமைநாயகத்தின் காதில் விழுந்தது. விழாததுபோல் அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

கடை கட்டும் நேரத்தில் கல்லாப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். எழுந்ததும் ஐந்து. நடந்த பின் நாலு. பேரத்தின்போது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. கவனிக்கவில்லை என்று எழுதினார், அதுதான் உண்மை. மதியம் ஆறு. வீரியமான மாத்திரை, போன சீசனில் நாளைக்கு நாலு, இன்றைக்கு ஒன்று. நடை முப்பது நிமிஷம், அதோடு கார் நிறுத்தம் இரண்டு தடவை. சிகரெட் இல்லை. பரோட்டா ஒன்று, இன்று புதன்கிழமை, ஞாயிறுக் கணக்கில் கழித்துக்கொள்ளவும்.

அடியில் கோடு போட்டு, காலை ஒரு தரம் நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, ஒரு காசு கூட்டாமல் எழுதினார்: வலி, இன்றைய பாக்கி மூன்று.