நேர்ச்சைச் சகன்

எங்கள் வாப்பா கச்சி முகம்மதுவுக்கு வாய் பெரிது. வாவிக்கு அக்கரையில் நெல் வாங்கி, வள்ளத்தில் காத்தான்குடிக்குக் கொண்டு வந்து விற்கிறவர். அக்கரைக்கும் இக்கரைக்கும் கூப்பிட்டுப் பழகியதாலோ என்னவோ, மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. தொழுகை நேரத்தில் மட்டும்தான் அந்தத் தொண்டைக்கு ஓய்வு. அந்த வாயால் அவர் வைத்த ஒரு நேர்ச்சை எங்கள் வீட்டை ஆட்டி வைத்துவிட்டது.

என் தங்கை றம்லாவின் புருஷன் உசனார். கலியாணம் முடித்த மறுவருஷமே வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குக் கப்பலேறினார். துவக்குப் பிடித்துச் சண்டை போடுகிற வேலை இல்லை. சண்டை போடுகிறவர்களுக்குப் பாதை வெட்டுவது, கப்பலில் வந்த குண்டுப் பெட்டிகளை இறக்குவது, செத்தவர்களைப் புதைப்பது. முதலில் காகிதம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு மாரி முழுக்க ஒன்றும் வரவில்லை. றம்லா சோறு தின்பதை விட்டுவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா, வாசலில் நின்றபடியே நாலு வீட்டுக்குக் கேட்க நேர்ச்சை வைத்தார்.

"என்ட மருமகன் உசிரோட திரும்பி வந்தா மாடு அறுத்துக் கந்தூரி குடுப்பன். அவரை என்ட சகனில இருத்தி, முதல் பிடி சோத்தை அவரைக் கொண்டுதான் தின்ன வெப்பன்."

எங்கள் ஊரில் கந்தூரியோ கலியாணமோ, சாப்பாடு சகனில்தான். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து நடுவில் இறைச்சியை வைப்பார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் கை வைத்துத் தின்பார்கள். வீட்டுக்காரர் தன் சகனில் யாரை இருத்துகிறாரோ, அன்றைய மரியாதை அவருக்குத்தான். ஒரு பட்டாளத்துக்காரனுக்கு இதைவிடப் பெரிய பதக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வாப்பா நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

உசனார் வந்தார். உயிரோடுதான் வந்தார். ஆனால் வலது கையில் பெருவிரல் மட்டுமே மிஞ்சியிருந்தது. குண்டுப் பெட்டிகளை இறக்கும்போது ஒன்று வெடித்ததாம். 

இடது கையால் தின்னப் பழகியிருந்தார். அதையும் றம்லா ஒருத்தி மட்டும் பார்க்க, அறைக்குள் இருந்து தின்பார். இடது கை எதற்கான கை என்பது எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளை தெரியாமல் அந்தக் கையைச் சோற்றுக்கு நீட்டினால்கூடத் தட்டி விடுகிற ஊர் இது.

வந்த புதிதில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். சகனில் இருத்தினார்கள். இவர் இடது கையை வைத்ததும், எங்கள் மாமி மகன் ஹமீட் மச்சான் வயிறு சரியில்லை என்று சொல்லி எழும்பினார். ஊரிலேயே வயிறு சரியாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். அன்றிலிருந்து உசனார் எந்த வீட்டு வாசலும் மிதிக்கவில்லை.

இந்த நிலையில் வாப்பா மாடு பார்க்கத் தொடங்கினார். உசனார் என் தங்கையிடம் சொல்லிவிட்டார், கந்தூரிக்கு முதல் நாள் ஏறாவூரில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று. றம்லா என் மடியில் வந்து விழுந்தாள்.

"ராத்தா, இவர் போனா இனித் திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரியும்."

எனக்கும் அதுதான் பயம். எங்கள் பக்கத்தில் ஆண் பெண்சாதி வீட்டில்தான் இருப்பான். அங்கே தலைகுனிவு பட்டு வெளியேறியவன் மறுபடி படியேறுவது லேசான காரியம் இல்லை. நான் நேரே வாப்பாவிடம் போனேன்.

"வாப்பா, உசனார் மச்சானுக்குத் தனிக் கோப்பையில சோறு வெப்பமே."

"தனிக் கோப்பை ஆருக்கு வெக்கிற? நோய்க்காரனுக்கு வெக்கிற. என்ட மருமகன் என்ன நோய்க்காரனா?"

"அப்ப நேர்ச்சையைக் கொஞ்சம் மாத்துங்க."

"அல்லாவோட பேசின பேச்சைக் குறைச்சுக் குடுக்கச் சொல்றியா, றஸீனா?"

அப்படிச் சொன்னாரே தவிர, மனுஷருக்கும் உள்ளுக்குள் கலக்கம் இருந்திருக்கிறது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெவ்வையை வீட்டுக்கே கூட்டி வந்தார். வலது கை ஏலாதவர் இடது கையால் தின்பதில் குற்றமில்லை என்று லெவ்வை தெளிவாகச் சொன்னார். வாப்பா வெற்றி பெற்றவர் போல உசனாரைப் பார்த்தார்.

உசனார் மரியாதையாகத்தான் பேசினார். "மார்க்கம் மன்னிக்கும் மாமா. பக்கத்தில இரிக்கிறவர்ர முகம் மன்னிக்காது."

வாப்பா லெவ்வையை வாசல் வரை கொண்டுபோய் விட எழும்பினார். 

கடைசியில் உசனாரை நிறுத்தி வைத்தது றம்லாதான். அவள் அழவில்லை. "நீங்க வந்து சேர்ந்ததே அந்த நேர்ச்சையாலதான் எண்டு வாப்பா நம்புறார். இரிக்கிறதும் போறதும் உங்கட விருப்பம்" என்று மட்டும் சொன்னாள். அவர் ஏறாவூர் போகவில்லை. ஆனால் சகனில் இருப்பேன் என்றும் சொல்லவில்லை.

கந்தூரி அன்று லுஹர் தொழுகை முடிந்ததும் எங்கள் வளவுப் பந்தல் நிறைந்துவிட்டது. பெண்கள் நாங்கள் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம். வேலியில் கண் வைக்க எனக்கு ஓர் இடம் இருந்தது. றம்லா சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பார்க்க மாட்டாளாம்.

உசனார் கேத்தலைத் தூக்கிக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்களின் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிந்தார். எனக்கு விளங்கிவிட்டது. வேலை செய்கிறவனை யாரும் சகனில் இருக்கச் சொல்ல மாட்டார்கள் அல்லவா. வாப்பாவின் சகனில் லெவ்வை, ஹமீட் மச்சான், இன்னும் இரண்டு பெரிய மனுஷர். ஓர் இடம் காலியாக இருந்தது.

வாப்பா எழும்பிப் போய் உசனார் கையிலிருந்த கேத்தலை வாங்கினார். "கையை நீட்டுங்க மகன்" என்றார். மருமகனின் இடது கைக்கு மாமனார் தண்ணீர் ஊற்றினார்.  கையைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினார்.

உசனார் சோற்றில் கை வைக்கவில்லை. வாப்பா தானே ஒரு பிடி சோற்றைப் பிசைந்து அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.  உசனார் தலையை ஆட்டினார்.

"வேணாம் மாமா. இண்டைக்கு நீங்க ஊட்டினா, நாளைக்கு நான் எப்படித் தின்னுற?"

சொல்லிவிட்டு, இடது கையைச் சகனில் வைத்தார். தன் பக்க ஓரத்திலிருந்து, மற்றவர் சோற்றில் விரல் படாமல், ஒரு சின்னப் பிடி எடுத்துத் தின்றார். நேர்ச்சை நிறைவேறிவிட்டது. பிறகு தன் சோற்றுக்கும் மற்றவர் சோற்றுக்கும் நடுவில் ஒரு வரப்புப் போல இடைவெளி விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அந்த வரப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அதைப் போட யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வாப்பாவும் அதைப் பார்த்தார். அன்று அவர் குரல் வேலி வரைக்கும் வருவதே பெரும் பாடாக இருந்தது.

"மகன். பஞ்சத்தில ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு திண்ட நேரம் இந்த வீட்டில சோறு ஆக்கினது நீங்க அனுப்பின சம்பளத்தில. அதுக்கு நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லல்ல. இப்பவும் சொல்லத் தெரியல்ல." தன் பக்கத்துச் சோற்றைக் காட்டினார். "அந்த இறைச்சியைப் பிச்சி எனக்கு வையுங்க."

சகனில் இறைச்சியைப் பிய்த்து எல்லோருக்கும் வைப்பது வீட்டுக்காரரின் உரிமை. அதை வாப்பா எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உசனார் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நடுவில் இருந்த துண்டை விரல்களால் அழுத்திப் பிய்த்து, தான் விட்ட இடைவெளியைத் தாண்டி, வாப்பாவின் சோற்றில் வைத்தார். வாப்பா அதைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து தின்றார்.

"எனக்கும் வையுங்க தம்பி" என்றார் லெவ்வை.

ஹமீட் மச்சான் கேட்கவில்லை. உசனார் கேளாமலே அவருக்கும் வைத்தார். மச்சான் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலிக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரும் தின்றார். எழும்பவில்லை.

கிடாரத்துப் பக்கமிருந்து றம்லா கேட்டாள். "என்ன ராத்தா நடக்குது?"

"உன்ட புருஷன் எல்லாருக்கும் இறைச்சி வெக்கிறார். எல்லாரும் தின்னுறாங்க."

அவள் திரும்பவில்லை. அகப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கையால?"

"இரிக்கிற கையாலதான், புள்ள."