கண்ணாடியில் நகரும் புள்ளிகள்

செம்பு மருந்துக் குப்பியின் மூடியை அவள் பாதி திருகிவிட்டாள். இன்னும் ஒரு திருகு, அவ்வளவுதான்; மருந்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடும். பின்னாலிருந்து கணவனின் குரல் தடுத்தது.

“மீனே, மருந்தை ஊத்த வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு வாரக்கணக்காகிறது. எதுவானாலும் மீன் வழியாகத்தான். சண்டைக்குக் காரணமும் அந்த மீன்தான். விரல் நீள மாண்டரின். நீல உடம்பில் ஆரஞ்சு நெளிநெளியாய் ஓடும். “உயிரோட அசையுறதைத் தவிர வேற எதையும் தொடாது. பட்டினி போட்டுக் கொல்றதுக்கா வாங்குறே?” என்று கடையிலேயே தடுத்தான். பிடிவாதமாக வாங்கி வந்தாள். போட்ட தீனியையெல்லாம் அது திரும்பியும் பார்க்கவில்லை, வயிறு ஒட்டிப்போனது. இன்று காலை பார்த்தால், தொட்டிக் கண்ணாடி முழுக்க உப்புத் தூளாய் வெள்ளைப் புள்ளிகள். அத்தனையும் நகர்ந்தன. ஒட்டுண்ணிதான் என்று முடிவு கட்டி, அதைக் கொல்லும் செம்பு மருந்தை எடுத்துவிட்டாள்.

“மீனே, பூச்சி உன்னைத் தின்னு தீர்க்கட்டும்னு உங்கப்பா சொல்றார்.”

“உங்கம்மா லேப்ல நாள் பூரா ரத்தம் பாக்குறாங்க. வீட்டுலயும் ஒரு மைக்ரோஸ்கோப். ஆனா பாக்காமலே வியாதிக்குப் பேர் வைக்கிறாங்க. மீனே, உங்கம்மாகிட்ட ரத்தம் கொடுக்குறவங்க பாவம்.”

சுருக்கென்றது. குப்பியை வைத்தாள். கண்ணாடியோரத்தில் ஒரு சொட்டு உறிஞ்சி, தகட்டில் விட்டு, லென்ஸில் கண்ணைப் பதித்தாள்.

அறை கரைந்துபோனது. கரையே இல்லாத வெளிச்சத்துக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாள். ஒட்டுண்ணி என்றால் உருண்டையாக, மேலெல்லாம் மயிர் துடிக்கச் சுழலும். இவை வேறு. கண்ணாடியில் வார்த்த அரிசிமணி உடம்பு. நெற்றி நடுவே ஒற்றைச் செங்கண். மீசையை ஒரு சுண்டு சுண்டினால், இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. வாலடியில் முட்டைப் பையைச் சுமந்தபடி ஒருத்தி நிதானமாகக் கடந்து போனாள், தூக்கத்தில் நடக்கிற நிறைமாதக்காரி மாதிரி.

கோபிபாட். நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். யாரையும் கடிக்காது. மாண்டரினுக்கு அதுதான் உணவு.

கண்ணை எடுத்தவள் குப்பியின் மூடியை இறுக்கி மூடினாள். செம்பு விழுந்திருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. மீனின் கடைசிச் சாப்பாட்டையும் தன் கையாலேயே கொன்றிருப்பாள்.

தொட்டியில் மாண்டரின் கனவுபோல் மிதந்து வந்து, கண்ணாடியில் ஒரு புள்ளியைக் கொத்தியது. நகர்ந்தது. இன்னொன்று. புள்ளிகளையே வெறித்திருந்ததில் மீனைப் பார்க்கத் தவறியிருந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

ஆனால் இவை வந்தது எப்படி? இவை ஒட்டிக்கொண்டு வர, புதிதாக ஒரு கடல் கல்கூட வைக்கவில்லையே.

“மீனே, இதுங்களை யார் விட்டதுன்னு உங்கப்பாகிட்ட கேளு.”

கணவன் மீனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

“நான்தான். மாடிப்படிக்கு அடியில, பெயிண்ட் வாளியில வளர்க்கிறேன்.”

“எப்பலருந்து?”

“நீ மீனுக்குப் பில் போட்டுக்கிட்டு இருந்தியே, அப்பவே பக்கத்துக் கவுண்டர்ல ஒரு பாட்டில் பூச்சி வாங்கிட்டேன்.”