ஆடு கத்தினால் யானையைத் திறக்க வேண்டும்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்று, எல்லோருக்காகவும் கடவுளிடம் கேட்டுக்கொள்வேன். வீட்டுக்காரர், மகள், அப்புறம் சலவைப் பிரிவில் என்னோடு வேலை செய்கிறவர்கள். பண்ணையாரிடம் வரும்போது மட்டும் ஐந்து நிமிடம் போதாது.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். கட்டடத்தின் பின்பக்கம், பாதி தரைக்குக் கீழே இறங்கிய நீளமான கூடம். ஒரு சுவரோரம் நான்கு சலவை இயந்திரங்கள், எதிரே இரண்டு ட்ரையர்கள். நான்கில் பெரியதற்கு யானை என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள் அதில்தான் கொதிக்கும். எல்லாமே பழைய இரும்பு. கதவில் கண்ணாடி கிடையாது. உள்ளே சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று வெளியே தெரியாது. தலைக்கு மேல் ஓடும் விசிறியின் இரைச்சலில் காதை வைத்துக் கேட்டும் கண்டுபிடிக்க முடியாது. சலவை முடிந்தால் அடிக்க வேண்டிய மணி நான்கு மாதத்துக்கு முன் செத்துப்போனது. மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை.

இயந்திரங்களை நிரப்பிக் கதவைச் சாத்துவதும், முடிந்ததும் திறந்து துணியை ட்ரையருக்கு மாற்றுவதும் பண்ணையாரின் வேலை. நாற்பது வயது. நிஜத்தில் அவனுக்குக் கையளவு நிலம் கிடையாது. ஒன்றரை அறை வாடகை வீட்டில் நான்கு பேர். பண்ணை இருப்பது போன் விளையாட்டில். கோழி, மாடு, ஆடு, பன்னிரண்டு ஏக்கர், ஒரு காற்றாலை. அந்தப் பெயரை அவனுக்கு வைத்தது மடிப்பக்கா. காய்ந்த துணிகளை மடிக்கிறவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள், வாயில் பூட்டு இல்லாதவள்.

இயந்திரங்களைச் சாத்திவிட்டால் அரை மணியோ ஒரு மணியோ அவனுக்குக் கையில் வேலை இருக்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குள் மாடு கத்தும்.

“பண்ணையாரே, இது ஆஸ்பத்திரியா, தொழுவமா?”

“ரெண்டு நிமிஷம்க்கா. பால் கறந்துட்டு வந்துடறேன்.”

“அழுக்கு மூட்டை அப்படியே கிடக்கு.”

“அது ரெண்டு மணி லோடுக்கா. இப்பவே பிரிச்சா நாத்தம்தான் வரும்.”

மடிப்பக்கா அந்தப் பக்கமிருந்து, “கறக்கறவன் ஒரு டம்ளர் எங்களுக்கும் குடுத்தா புண்ணியமா போகும்” என்பாள். அவளைத் திட்டலாம் என்று திரும்பினால் அவள் மடியிலும் போன். அவளுக்கும் பக்கத்து நிலத்தில் நாலு வாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

நான் பார்க்காத வழியில்லை. அன்பாகச் சொன்னேன். கோபமாகச் சொன்னேன். சார்ஜரை ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் அவன் இரண்டு கொண்டுவந்தான். நல்ல புத்தகம் ஒன்று கொடுத்தேன். ஆடுகிற நாற்காலிக் காலுக்குக் கீழே அதை மரியாதையாக வைத்திருந்தான்.

போன திங்கள்கிழமை புது நிர்வாகி முதல்முறையாகக் கீழே இறங்கி வந்தார். நான்கு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. பண்ணையார் தலை நிமிரவேயில்லை, கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். நிர்வாகி அவன் பின்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“மிஷின் வேலை செய்யுது, மனுஷன் விளையாடறான். இதுக்கு மேற்பார்வை ஒண்ணு வேறயா?”

“சொல்லிப் பார்த்துட்டேன் சார்.”

“இனிமே நீங்க சொல்ல வேணாம். இன்னொரு தடவை போனைப் பாத்தேன்னா அந்த ஆள் வேணாம். வெளியில அம்பது பேர் நிக்கறாங்க.”

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், எதையும் ஒரே திருப்பில் முடித்துவிடுவார்.

“போனை வாங்கி டிராயர்ல போட்டுப் பூட்டு. அவன் வேலையும் தப்பிச்சுது, உன் தலைவலியும் போச்சு.”

“வருத்தப்படுவானே?”

“வேலை போனா இன்னும் நல்லா வருத்தப்படுவான்.”

சரியென்று பட்டது. அவன் நன்மைக்குத்தானே! செவ்வாய்க்கிழமை காலை இரண்டு போனையும் வாங்கி என் மேஜை டிராயரில் பூட்டினேன். மடிப்பக்கா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். பண்ணையார் மட்டும் போனை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, பூட்டறதுன்னா பூட்டுங்க. ஆனா வேலை...”

“வேலை நடக்கணும்னுதான் பூட்டறேன்.”

“அதில்லக்கா...”

“எல்லாம் எனக்குத் தெரியும். கொடு.”

கொடுத்துவிட்டான். ஒரு மனிதனைப் பேசவிடாமல் அடக்கிவிட்டு, அவன் அடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். கூடத்தில் மாடு கத்தவில்லை, கோழி கொக்கரிக்கவில்லை. சுகமாக இருந்தது.

அந்தச் சுகம் பதினொரு மணி வரைக்கும்தான். முதலில் கருகல் வாடை வந்தது. ஓடிப்போய் ட்ரையரைத் திறந்தால் வார்டு துண்டுகள் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. பண்ணையார் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் இயந்திரத்துக்கு இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தான், சும்மா இருக்கவில்லை. எப்போது சாத்தினோம் என்று ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் மணி எழுதி வைத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான், கதவைப் பார்க்கிறான், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறான். பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது.

ஒரு மணிக்குத் தியேட்டர் நர்ஸ் போன் செய்தாள்.

“பச்சைத் துணி எங்க? ரெண்டரைக்கு ஆபரேஷன். கிருமிநீக்கத்துக்கு இன்னும் வரலைங்கறாங்க.”

யானை முன்னால் போய் நின்றோம். கதவில் அவன் எழுதிய மணி இல்லை. கொதிக்கிற தண்ணீருக்கு இரும்புக் கதவு வியர்த்து, சாக்பீஸ் எழுத்து வெள்ளையாக வழிந்து தரையில் சொட்டியிருந்தது.

“எப்ப சாத்தின?”

“பத்தரை... இல்ல, பதினொண்ணே கால். பதினொண்ணே கால் துண்டுக்குப் போட்டது. அக்கா, எனக்குக் குழம்பிடுச்சு.”

திறந்தான். துணி ஆறிப்போய்ப் பச்சைப் பிணம் மாதிரிக் கிடந்தது. முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். தியேட்டர் துணி ஈரத்தோடு ஒரு மணி நேரம் கிடந்தால் மறுபடி முதலிலிருந்து கொதிக்கவைக்க வேண்டும். அது விதி. எழுபது நிமிடம் கொதிக்க, நாற்பது நிமிடம் காய, அப்புறம் கிருமிநீக்கம். ரெண்டரை மணி ஆபரேஷன் ஐந்தரைக்குப் போனது.

“நாலு மாசமா மணி இல்ல. ஒரு நாள் தப்பினது உண்டா?” என்று கத்தினேன். “இன்னைக்கு உனக்கு என்ன வந்தது?”

பதில் சொன்னது மடிப்பக்கா.

“மணியைத்தான் நீங்க டிராயர்ல பூட்டி வச்சிருக்கீங்களே!”

எனக்குப் புரியவில்லை. பண்ணையார் மெதுவாகச் சொன்னான்.

“கோழிக்குத் தீனி போட்டா அரை மணியில முட்டை போட்டுட்டுக் கத்தும்க்கா. துண்டைச் சாத்தும்போது கோழிக்குப் போடுவேன். படுக்கை விரிப்பு முக்கா மணி, அதுக்கு மாடு. யானைக்கு ஆடு. எழுபது நிமிஷத்துல மயிர் வெட்ட ரெடியாகிக் கத்தும். ஆடு கத்தினா யானையைத் திறக்கணும்.”

“ட்ரையருக்கு?”

“அக்காவோட வாத்து.”

மடிப்பக்கா பெருமையாகத் தலையை ஆட்டினாள்.

“இதை ஏன்டா என்கிட்ட சொல்லல?”

“விளையாட்டுன்னீங்க. பொய் சொல்லக் கூடாது, பாதி விளையாட்டுதான். காத்தாலைக்கும் நம்ம வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காலையில சொல்ல வந்தேன். நீங்க ‘எல்லாம் தெரியும்’னுட்டீங்க.”

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. மணி இல்லாமல் வேலை எப்படி ஓடுகிறது என்று நான்கு மாதத்தில் ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. ஓடியது, விட்டுவிட்டேன். டிராயரைத் திறந்து போனை அவன் கையில் கொடுத்தேன். “ஆட்டுக்குத் தீனி போடு, யானையைச் சாத்து” என்றேன். அப்படியொரு உத்தரவை நான் கொடுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நான்கு மணிக்கு நிர்வாகி வரச் சொன்னார். போகிற வழியில் தியேட்டர் வராந்தா. அங்கே ஒரு பெண் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே படுத்திருப்பது அவள் தங்கை. நேற்று ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கிடையாது. எதிரே வருகிற எல்லோரிடமும் “ஏன் லேட்டு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் நிற்கவில்லை. நானும் கடந்துவிட்டேன். நாலு அடி போனதும் கால் வரவில்லை. திரும்பினேன்.

“அம்மா, உங்க தங்கச்சிக்கு லேட்டானது என்னாலதான். நான் துணி துவைக்கற இடத்துல இருக்கேன். துணி தயாராகல.”

“துணியா? துணி துவைக்க ஒரு நாளா? அவ பசியில என்னைக் கடிச்சுத் தின்னுடுவா போல இருக்கா!”

“என் தப்புதாம்மா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டாள்.

“உக்காருங்க. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. ரெண்டரையிலேர்ந்து கேக்கறேன், இப்பத்தான் ஒருத்தர் நின்னு பதில் சொல்றீங்க. அஞ்சரைக்கு நிச்சயமா?”

“நிச்சயம்.”

“அப்ப அவகிட்டச் சொல்லிடறேன். நேரம் தெரிஞ்சா தாங்கிக்குவா.”

உட்கார நேரமில்லை. ஆனாலும் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். அவள் விட்ட இடத்தை மறுக்க மனம் வரவில்லை. எழுந்தபோது, மேலே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நிர்வாகி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“ஒரு பேர் எழுதுங்க. யாரால நடந்துச்சோ அந்தப் பேர். நாளையிலேர்ந்து அவர் வேணாம்.”

என் பெயரை எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தியாகம் பண்றீங்களா?”

“இல்ல சார். நடந்ததைத்தான் எழுதினேன்.” கோழி, மாடு, ஆடு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே என்மேல் நம்பிக்கை குறைந்தது.

“அலாரம்னு ஒண்ணு போன்ல இருக்கே, அம்மா?”

“அதையும் கேட்டேன் சார். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அடிக்குமாம். எது எதுக்குன்னு கிட்டப்போய்ப் படிக்கணும். மாடு கத்தினா ஈரக் கையோட தூரத்துல நின்னாலும் தெரிஞ்சிடும்கறான்.”

“நான் மேலிடத்துக்கு என்னன்னு எழுத? ஆடு கத்தலை, அதனால ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னா?”

“மணி ரிப்பேர் பண்ணலைன்னு எழுதலாம் சார். மூணு கடிதத்தோட நகலும் என்கிட்ட இருக்கு.”

அவர் மூன்றையும் வாங்கித் தேதிகளைப் படித்தார். அவர் வருவதற்கு முந்தியவை இரண்டு. மூன்றாவதில் அவருடைய கையெழுத்தே இருந்தது, “பார்த்தேன்” என்று. தாள்களை அடுக்கி மேஜையில் வைத்தார்.

“மணி இந்த வாரத்துக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் அந்த... மிருகங்கள் இருக்கட்டும். அந்த ஆள்மேல கை வைக்க மாட்டேன்.” பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். “ஆனா உங்களுக்கு மெமோ உண்டு. நாளைக்குக் காலையில எழுத்துல விளக்கம் வேணும். ஃபைல்ல சேரும். இந்த வருஷம் பதவி உயர்வு இருக்காது, தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். மகளிடம் போன மாதமே அதைப் பற்றிப் பெருமையடித்திருந்தேன்.

கீழே வந்தபோது பச்சைத் துணி கிருமிநீக்கத்துக்குப் போயிருந்தது. மெமோ விஷயத்தைச் சொன்னேன். பண்ணையார் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி நின்றான்.

“என்ன?”

“ஒண்ணுமில்லக்கா... காலையிலேர்ந்து தீனி இல்லாம ஒரு கோழி ஓடிப்போச்சு.”

“ஆபரேஷன் தள்ளிப்போச்சு! எனக்குப் பதவி உயர்வு போச்சு! உனக்குக் கோழியா?”

“நீங்க கேட்டீங்க, சொன்னேன்.”

வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று தெரிந்து, மேஜையில் உட்கார்ந்து விளக்கத்தை எழுத ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அவன் எதிரே நிற்கிறான்.

“நானும் போடறேன்க்கா.”

“இது என் விளக்கம். உன் பேரைப் பார்த்தா அவருக்கு மறுபடி உன் ஞாபகம் வரும். பேசாம இரு.”

“வரட்டும். சொல்லாம இருந்தது நான்தானே. காலையில இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வீறாப்புலதான் விட்டுட்டேன். ‘அனுபவிக்கட்டும்’னு நினைச்சேன்.”

அவன் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்தேன்.

யானையிலிருந்து அடுத்த லோடை இறக்கிவிட்டு ஈரக் கையோடு அப்படியே வந்திருந்தான். குனிந்து கையெழுத்துப் போட்டான், சொட்டச் சொட்டப் போட்டான். அவன் பெயர் ஊறி என் பெயருக்குள் பரவி, இரண்டும் சேர்ந்து கடைசிப் பத்தி முழுவதும் நீலமாக ஓடியது.

“கையைத் துடைச்சுட்டுப் போடணும்னு தோணாதா உனக்கு?”

“அவசரத்துல...”

“ஒன்றரைப் பக்கம்!”

மடிப்பக்கா அப்போதுதான் மடித்த துண்டு ஒன்றை அவன் தோளில் எறிந்தாள். “துடைடா. மேடம், திரும்ப எழுதறதுதான் எழுதறீங்க, மூணாவதா எனக்கும் இடம் விடுங்க. வாத்து என்னோடது.”

இன்னொரு தாளை எடுத்தேன். மூன்று கையெழுத்துக்கு இடம் போதுமா என்று அடியில் விரலால் அளந்து பார்த்துவிட்டு, ஐயா என்று மறுபடி தொடங்கினேன்.